பத்தொன்பதாவது கருவி

தென்னாற்காடு ஜில்லா உலகத்துக்கு இதுவரை அளித்த செல்வங்கள் மூன்று: மணிலாக் கொட்டை, நெய்வேலிக் கரி, என் மாமா சுப்பராயலு. முதல் இரண்டும் மண்ணுக்கடியிலிருந்து வந்தவை. மூன்றாமவர் சர்வே இலாகாவிலிருந்து பென்ஷன் பெற்று வந்தவர். முதல் இரண்டைப் பற்றி அரசாங்கமே அறிக்கைகள் வெளியிட்டுவிட்டது. மூன்றாமவரைப் பற்றி எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. நான் அவருடைய மைத்துனன் தேவநாதன். அவர் நிறுவிய சங்கத்தின் செயலாளர். நெல்லிக்குப்பத்துப் பள்ளியில் 'கடிதம் வரைதல்' ஒன்றில் மட்டும் முதல் மார்க்கு வாங்கியவன். ஆகவே விஷயத்தை வரிசைக்கிரமமாகவே சொல்கிறேன்.

1966-ஆம் ஆண்டு தைப்பூசத்துக்கு மறுநாள் மாமா பென்ஷனில் வந்தார். முப்பத்திரண்டு வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவருக்கு வீட்டில் அளக்க ஒன்றும் இல்லை. திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியில் இயற்கை வைத்தியம் பற்றிய சிறு புத்தகம் ஒன்றை வாங்கினார். அன்று சாயங்காலத்துக்குள் ஹோட்டல் பலகாரம், மில்லில் அரைத்த மாவு, ரசாயன உரம் போட்ட அரிசி மூன்றும் மனித குலத்தின் விரோதிகள் என்று கண்டுகொண்டார். அடுத்த வாரமே 'கடலூர் – சிதம்பரம் இயற்கை இல்ல உணவுச் சங்கம்' பிறந்தது, மாமாவைச் செயல் தலைவராகக் கொண்டு. அதன் குறிக்கோள்: 'வீட்டில் செய், இயற்கையாகச் செய், இயந்திரத்தால் செய்.'

கடைசிப் பகுதியைக் கேட்டு ஓர் உறுப்பினர் எழுந்தார்.

"இயற்கை சாப்பாட்டுக்குக் கரண்டு எதுக்குங்க?"

"மின்னல் இயற்கைதான?" என்றார் மாமா.

"ஆமாங்க."

"அதப் புடிச்சு கம்பிக்குள்ள வுட்டா செயற்கையா பூடுமா?"

உறுப்பினர் உட்கார்ந்தார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் 'ஒருமனதாக ஏற்கப்பட்டது' என்று பதிந்தேன்.

அதன்பின் கருவிகள் சேரத் தொடங்கின. கடலூர் முதுநகரில் நஸ்ருதீன் சிங்கப்பூர்ச் சாமான் கடை வைத்திருந்தார். கப்பலில் வந்திறங்கிய பெட்டியை அவர் உடைக்கும்போது மாமா பக்கத்தில் இருப்பார். பெட்டியை உடைக்கும் ஆணிப்புடுங்கியைப் பிடித்துக்கொண்டு நான் இருப்பேன்.

ஒருநாள் நஸ்ருதீன் இரட்டைத் தோசைக்கல் போன்ற ஒன்றை எடுத்து வைத்தார். மூடித் திறக்கிற மாதிரி கீல் போட்டிருந்தது. உள்ளே முழுக்கக் கட்டங்கள்.

"இது எதுக்கு கட்டம் கட்டமா இருக்குது?" என்றார் மாமா.

"வெள்ளக்காரன் தோச மாமா. அளந்து அளந்துதான் திம்பான்."

மாமா சர்வேக்காரர். கட்டங்களைக் கண்ட பிறகு விலை கேட்கவில்லை.

இப்படியே இறைச்சி கொத்தும் மெஷின் வந்தது. மாமா வீட்டில் இறைச்சி கிடையாது; தேங்காய்க்கு ஆகும் என்று தீர்மானம் நிறைவேற்றினோம். முட்டை அடிக்கும் கருவி மோருக்கு ஒதுக்கப்பட்டது. ரொட்டி வாட்டும் டோஸ்டர் வந்தது. ரொட்டி கடைச்சரக்கு என்பதால் டோஸ்டர் 'ஓய்வில்' வைக்கப்பட்டது. கரண்டில் சோறு வேகும் ஜப்பான் பானை, பழம் பிழிவது, காப்பிக் கொட்டை அரைப்பது, பிரஷர் குக்கர், எல்லாவற்றுக்கும் மேலாக எலக்ட்ரிக் மிக்ஸர். ஆக மொத்தம் பதினெட்டு.

ஒருமுறை மாமா காதில் விழாமல் நஸ்ருதீனைக் கேட்டேன்.

"உங்க வூட்ல இதுல எது ஓடுது?"

"எங்க வூட்லயா? எம் பொண்டாட்டி ரஹ்மத் அம்மியத் தவுர ஒண்ணயும் தொடாது மச்சான். இதெல்லாம் விக்கிறதுக்கு."

நவராத்திரி முடிந்ததும் கொலுப்படியைப் பிரிக்க வேண்டாம் என்று மாமா உத்தரவிட்டார். செட்டியார் பொம்மை இருந்த இடத்தில் மிக்ஸர் ஏறியது. தசாவதாரம் நின்ற படியில் பத்துக் கருவிகள் நின்றன. என் அக்கா லோகநாயகிக்கு, அதாவது மாமாவின் மனைவிக்கு, அவற்றை வெள்ளிக்கிழமை தோறும் துடைக்கும் உரிமை வழங்கப்பட்டது.

அவற்றை ஓட்டுவதில் மட்டும் சில நிர்வாகச் சிக்கல்கள் இருந்தன. வீட்டில் லைட்டுக்கு இழுத்த லைன்தான் உண்டு. இரண்டு கருவிகளைச் சேர்த்துப் போட்டால் பியூஸ் போய்விடும். ஒன்றைத் தனியே போட்டால் விளக்கு மங்கி, பக்கத்து வீட்டு இருசம்மாள் மதில்மேல் தலையை நீட்டி, "லோகு, ஐயா ஆரம்பிச்சிட்டாரா?" என்று விசாரிப்பாள்.

இரண்டாவது சிக்கல், பேர். பேர் வெட்டாமல் எந்தக் கருவியையும் உபயோகிக்கக் கூடாது என்பது சங்க விதி ஏழு. பாத்திரத்தில் பேர் வெட்டுவது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். மாமாவுக்கோ அது தொழில்முறைத் தத்துவம். "பேரு வெட்டாதது புறம்போக்கு மச்சான்," என்பார். "புறம்போக்குல யாரு வேணா மாடு மேய்ப்பான்."

ஆகவே பதினெட்டுக் கருவிகளும் பாத்திரக்கடைக்குப் போய், உளியால் 'ப. சுப்பராயலு' என்று வெட்டிக்கொண்டு திரும்பின. பிரஷர் குக்கருக்கு மூடியின் விளிம்பில் வெட்டியிருந்தார்கள். அன்று முதல் அது விசில் அடிக்கவில்லை. மாமாவின் இனிஷியல் வழியாக ஆவி அமைதியாக வெளியேறியது. இதை 'சத்தமில்லாச் சமையல்' என்று அரையாண்டு அறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறேன்.

இவ்வளவு முன்னேற்றத்துக்கு நடுவில் என் அக்கா ஓர் அற்பக் கோரிக்கையைக் கிளப்பினாள்.

"தேவநாதா, ஆட்டுக்கல்லு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சுடா. அரிசி வழுக்கிக்கிட்டு ஓடுது. ஒரு படி ஆட்ட முக்கா நாளு ஆவுது. இந்த வலது கை தலைக்கு மேல போவ மாட்டேங்குது. தல வாரிக்கவே இருசம்மாளக் கூப்புடறேன். கல்லு கொத்துறவரு தெருவுல போறாரு வர்றாரு. கொத்திக்கிறேன்னா உங்க மாமா கேக்க மாட்டேங்குறாரு."

மாமாவிடம் எடுத்துச் சொன்னேன்.

"பதினெட்டு மிசினு இருக்கிற வூட்டுல உக்காந்து ஒருத்தன் கல்லு கொத்துனா, சிதம்பரத்துக்காரன் என்னா நெனைப்பான்? சங்கத்துக்கே தலகுனிவு."

"அக்காவுக்குத் தோளு வலிக்குதாம் மாமா."

"அதுக்குத்தான மிக்ஸரு வாங்கியிருக்கேன்."

"மிக்ஸர்ல இட்லி மாவு போட்டா சூடாகி நின்னுடுதே."

"அப்ப ஆட்டுக்கல்லுல ஆட்டிக்கச் சொல்லு. மிக்ஸருக்குக் கஷ்டம் குடுக்க வேணாம்."

செயலாளர் என்ற முறையில் நான் நடுநிலை வகித்தேன். 'கல் சம்பந்தமான மனு பரிசீலனையில் உள்ளது' என்று பதிந்துவிட்டு, அக்கா போட்ட இட்லியைச் சாப்பிட்டேன்.

சிதம்பரத்துக்காரர் என்று மாமா சொன்னது கிளைத் தலைவர் வைத்திலிங்கத்தை. அவரிடமும் பதினெட்டுக் கருவிகள். சங்கத்தின் தலைமையிடம் கடலூரா, சிதம்பரமா என்ற கேள்வி ஆறு மாதமாக எரிந்துகொண்டிருந்தது. யாரிடம் ஒரு கருவி கூடுதலோ அங்கேதான் தலைமையிடம் என்று இருவரும் ஒப்பியிருந்தார்கள். மாசி மகத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைத்திலிங்கம் கடலூர் வந்து, இட்லி தின்று, எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாக ஏற்பாடு. அழைப்புக் கடிதத்தைத் தபாலில் போட்டால் கௌரவக் குறைவு என்று என்னையே பஸ் ஏற்றி அனுப்பினார் மாமா.

சிதம்பரம் கீழ வீதியில் வைத்திலிங்கத்தின் வீடு. கருவிகள் கண்ணாடி பீரோவுக்குள் இருந்தன. பீரோ பூட்டியிருந்தது. சாவி அவர் அரைஞாணில் தொங்கியது. இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும் வந்தன. இட்லி வாயில் வைத்ததும் கரைந்தது.

"எதுல அரைச்சது, சொல்லுங்க பாப்பம்," என்றார் வைத்திலிங்கம்.

பூட்டிய பீரோவைப் பார்த்தேன். "மிக்ஸர்லங்களா?"

"வேற எதுல?"

கை கழுவக் கொல்லைப்புறம் போனேன். அங்கே ஆட்டுக்கல் இருந்தது. குழி முழுக்கப் புதிதாகக் கொத்தின புள்ளிகள், அம்மை போட்ட முகம் மாதிரி, வெள்ளை வெளேரென்று. சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிய அவர் மனைவி ஞானாம்பாள் என் பார்வையைக் கவனித்துவிட்டாள்.

"சங்கத்துல எழுதிடாதீங்க. அவுரு தெனம் கோயிலுக்குப் போயி வர ரெண்டு மணி நேரம் ஆவும். அந்த நேரம் பாத்துக் கொத்திக்கிட்டேன்."

"அவருக்குத் தெரியாதுங்களா?"

"இட்லி நல்லாருக்குதுன்னு தெரியும். அது போதாதா?"

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். கையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அந்த ஐயா கோயிலுக்குப் போறாரு. இவுரு எங்கடா போறாரு? நாளெல்லாம் கொலுப்படிக்கு எதுக்க நாற்காலி போட்டுக்கிட்டு இருக்காரு. உளிச் சத்தம் கேட்டா ஓடியாந்துடுவாரே."

தைலப் புட்டியை மூடிவைத்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் பேரு வெட்டுற சட்டம் என்னா?"

"விதி ஏழு. அதுல ரெண்டாம் பிரிவு: செயல் தலைவர் பேர் வெட்டியதும், உணவு தயாரிக்க உதவுவதுமான எப்பொருளும் சங்கத்தின் கருவியாகும்."

"எந்தப் பொருளும்னா போட்டிருக்க?"

"ஆமா."

"நல்லா எழுதியிருக்கடா. வெள்ளிக்கெழம வரும்போது சாக்பீசு எடுத்துக்கிட்டு வா."

வெள்ளிக்கிழமை, கல் கொத்தும் கொளஞ்சி உளியும் சுத்தியுமாக உட்கார்ந்திருந்தார். விருத்தாசலம் பக்கத்து மனிதர். விஷயத்தை அக்கா சொன்னதும் கையை விரித்தார். "எனக்கு எழுத்துத் தெரியாதுங்களேம்மா. கொத்தத்தான் தெரியும்."

"எழுதுறதுக்கு என் தம்பி இருக்கான். நீங்க எழுத்து மேலயே கொத்திக்கிட்டுப் போங்க."

ஆட்டுக்கல்லின் குழிக்குள் தலையைவிட்டு எழுதுவது எளிதல்ல. ஆயினும் என் கையெழுத்துக்கு ஒரு பழுதும் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். 'ப. சுப்பராயலு' என்று வட்டமாக ஒரு சுற்று எழுதினேன். கொளஞ்சி கொத்தத் தொடங்கினார். நாலு கொத்து விழுவதற்குள் மாமா வந்துவிட்டார்.

"யாரக் கேட்டுக் கல்லு கொத்துறீங்க?"

"யாருங்க கொத்துறது? உங்க பேரத்தான் வெட்டுறாரு," என்றாள் அக்கா. "எல்லாச் சாமான்லயும் பேரு இருக்குது. இது ஒண்ணுதான் புறம்போக்கா கெடந்துது. நாளான்னைக்கு சிதம்பரத்து ஐயா கொல்லைக்கு வந்து, இது யாருதுன்னு கேட்டா நான் என்னா பதிலு சொல்லுவேன்?"

மாமா குனிந்து குழிக்குள் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் ஜில்லா பூராவும் எல்லைக்கல் நட்டவர். ஒவ்வொரு கல்லிலும் நம்பர் உண்டு. ஒன்றிலாவது அவர் பேர் கிடையாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி குனிந்தார்.

"பட்டம் போடலியா மச்சான்?"

"'செயல் தலைவர்'னு போடு தேவநாதா," என்றாள் அக்கா.

போட்டேன். கொளஞ்சி கொத்தினார்.

"இந்தப் பக்கம் எடம் சும்மா கெடக்குதுங்களே," என்றார் கொளஞ்சி.

"விலாசம்," என்றார் மாமா. "வெறும் பேருன்னா எந்த சுப்பராயலுன்னு தெரியும்? பண்ருட்டியிலயே மூணு பேரு இருக்கான்."

கதவு எண், தெரு, திருப்பாதிரிப்புலியூர், கடலூர் தாலுக்கா, தென்னாற்காடு ஜில்லா, சென்னை ராஜ்யம். எழுத எழுதக் குழி நிறைந்தது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் வழவழப்பாகத் தெரிந்த இடங்களைக் கொளஞ்சி தானாகவே கொத்திவிட்டார். அது ஏன் என்று மாமா கேட்டதற்கு, "பேரு பளிச்சுன்னு தெரியணுமில்லீங்களா," என்றார்.

கிளம்பப்போன கொளஞ்சியை மாமாவே நிறுத்தினார்.

"குழவி?"

"குழவிக்கும் வேணுமாங்க?" என்றாள் அக்கா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"குழவி மட்டும் யாரு அப்பன் வூட்டுது? அதுலயும் வெட்டு. பட்டத்தோட."

வேலை முடிந்து எழுந்த கொளஞ்சி அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்: "மொதல்ல தவுடு போட்டு ஆட்டிக் கொட்டிடுங்கம்மா. ஐயா பேருத் தூளெல்லாம் போயிடட்டும்."

சனிக்கிழமை பகலில் அக்கா மாவாட்டினாள். பதினோரு உறுப்பினர்களுக்கும் விருந்தாளிக்குமாக மூன்று படி அரிசி. ரசாயன உரம் படாத அரிசி, திருவந்திபுரத்திலிருந்து மாமா நேரில் போய், விவசாயியைச் சத்தியம் செய்யச் சொல்லி வாங்கி வந்தது. அக்கா இடது கையால் குழவியைச் சுற்றினாள், வலது கையால் மாவைத் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் மாற்றிக்கொண்டாள். இருந்தும் பாதி நாளில் முடிந்துவிட்டது.

"பேரு நல்லா வேல செய்யுதுடா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வைத்திலிங்கம் வந்தார். கொலுப்படிக்கு எதிரில் வரிசையாக இலை போட்டோம். மாமா ஒவ்வொரு கருவியையும் பேர் சொல்லி, நாடு சொல்லி, அறிமுகப்படுத்தினார். இட்லி வந்தது. வைத்திலிங்கம் ஒன்றைப் பிட்டார், வாயில் போட்டார், பேசாமல் அடுத்ததைப் பிட்டார். ஐந்தாவதில்தான் தலை நிமிர்ந்தார்.

"எதுல அரைச்சது?"

"மிக்ஸர்ல," என்றார் மாமா, இமைக்காமல்.

"போடுங்க, பாப்பம்."

மாமா எழுந்து மிக்ஸரைப் போட்டார். ஜப்பான் பானையில் சோறு வெந்துகொண்டிருந்ததை அவர் மறந்துவிட்டார். பட்டென்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது. மதில்மேல் இருசம்மாளின் தலை வந்தது.

"பியூஸு போயிடுச்சா?" என்றார் வைத்திலிங்கம், மிகுந்த திருப்தியோடு.

அந்தச் சமயத்தில் அக்கா அடுத்த ஈட்டு இட்லியுடன் வந்தாள். "கரண்டு போனா என்னாங்க? மாவு நேத்தே கல்லுல ஆட்டியாச்சு. நீங்க சாப்புடுங்க."

பதினோரு பேரும் மெல்வதை நிறுத்தினார்கள். மாமாவின் முகம் பிரஷர் குக்கரைப் போல் ஆனது. ஆயினும் மேதைகள் இப்படிப்பட்ட தருணங்களில்தான் வெளிப்படுகிறார்கள்.

"ஆமா," என்றார் மாமா. "அது எங்க பத்தொம்பதாவது கருவி."

"கல்லு எப்பிடிங்க கருவியாவும்?"

"மச்சான், விதி ஏழப் படி."

படித்தேன். எல்லோரும் எழுந்து கொல்லைப்புறம் போனோம். வைத்திலிங்கம் குழிக்குள் டார்ச் அடித்துப் படித்தார். 'ப. சுப்பராயலு, செயல் தலைவர்' என்பதிலிருந்து 'சென்னை ராஜ்யம்' வரை மூன்று சுற்றுச் சுற்றிப் படித்தார். அவருக்குத் தலை சுற்றியது. நிமிர்ந்து, தோல்வியை ஒப்புக்கொண்டார். தலைமையிடம் கடலூர் என்று தீர்மானம் ஆயிற்று. போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்தக் கொளஞ்சியச் சிதம்பரத்துக்கு அனுப்பி வையுங்க. எங்க வூட்டுக் கல்லுலயும் பேரு இல்ல," என்றார். ஞானாம்பாளுக்கு இனிக் கோயில் நேரம் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

மாவாட்ட ஆட்டப் பேர் தேயும் என்று அக்கா எடுத்துச் சொன்னதால், நாலு மாதத்துக்கு ஒருமுறை 'பெயர் புதுப்பித்தல்' நடத்துவதென்று இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. முன்மொழிந்தவர் மாமா.

மறுநாள் கருவிகளின் பதிவேட்டை எழுத உட்கார்ந்தேன். மாமா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதினேன். பதினெட்டும் முடிந்து பத்தொன்பதாவதற்கு வந்தோம். கருவி: ஆட்டுக்கல். உரிமையாளர்: கல்லைப் பார்க்கவும். அடுத்தது 'இயங்கு விசை' என்ற கட்டம். பிரஷர் குக்கர் உள்பட மற்றவற்றுக்கெல்லாம் 'மின்சாரம், நெய்வேலி' என்று எழுதியிருந்தேன். இதில் பேனா நின்றது.

"இதுக்கு என்னா போடட்டும் மாமா?"

மாமா யோசித்தார். "இயற்கைன்னு போடு."

போட்டேன். சங்கத்தின் கொள்கைக்கும் அது பொருத்தமாக இருந்தது. கடைசிக் கட்டம் 'பழுது'. மற்ற பதினெட்டுக்கும் 'இல்லை' என்று எழுதச் சொல்லியிருந்தார். இதற்கும் "இல்ல" என்றார். நான் 'வலது தோள்' என்று எழுதினேன். எழுதவேண்டும் என்று நினைத்து எழுதவில்லை, கை எழுதிவிட்டது.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"கல்லுக்கு ஏது மச்சான் தோளு?"

பதினெட்டுக் கருவிகளையும் அவை பிறந்த நாட்டோடு சொல்லத் தெரிந்தவர், உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். நான் மை காய ஊதினேன். உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் வாங்க. தோச ஆறுது."

போய் உட்கார்ந்தோம். அக்கா இடது கையால் பரிமாறினாள். தட்டில் மாமா பேர் வெட்டியிருந்தது, சொம்பில் வெட்டியிருந்தது, கரண்டிக் காம்பில் வெட்டியிருந்தது. அந்த வீட்டில் பேர் வெட்டாதது ஒன்றே ஒன்றுதான், அதுதான் பரிமாறிக்கொண்டிருந்தது. பேர் வெட்டாதது புறம்போக்கு என்பது சர்வே சாஸ்திரம். புறம்போக்கில் யார் வேண்டுமானாலும் மேயலாம். நான் அன்றைக்கு ஆறு தோசை தின்றேன்.